வேளைக்காரர் என்னும் சொல்லும் அதன் வாரிசுகளும்

திருக்குறளின் படைமாட்சியிலே 'தொல்படை' என்றொரு சொல் உண்டு. பரிமேலழகர் அதனை மூலப்படை என்பார். முன்னோர் காலந்தொட்டு ஓர் அரசகுடியின் கீழ் நின்று போரிற் பழகிய படை அது. சோழர் காலத்துப் பழகிய படைகளிலே தனிப்பெயர் பெற்றவர் வேளைக்காரர். தஞ்சைப் பெரிய கோயிற் சாசனங்களில் மட்டுமன்றி, நமது பொலன்னறுவையிலுள்ள தமிழ்ச் சாசனத்திலும் அவர்கள் பேசுகிறார்கள்.

இச்சொல்லை வைத்து இரண்டு பொய்கள் விற்கப்படுகின்றன. 'தமிழ்க் கூலிப்படை, துரோகிகள்' என்கிறது ஒரு சந்தை. 'தமிழினத்தின் வீரத் திருவுரு' என்கிறது மற்றது. இரண்டையும் நாம் மறுக்கிறோம்.

வேளை என்பது குறித்த பொழுது. அவ்வேளை வந்தால் உயிர் தருவதாகச் சூளுரைத்தவர் வேளைக்காரர் என்பதே அறிஞர் பலர் கொள்ளும் பொருள். 'வேலைக்காரர்' என வாசித்து ஊழியர் என்று உரைத்தோரும் உளர். எழுத்திலே அவர்கள் பிழைத்தனர். உண்மைக்கு நெருங்கினர் என்போம். உயிரை விற்று நிலம் பெறுவதும் ஒரு தொழிலே அன்றோ?

சான்று வேண்டுமா? ஏறக்குறைய 1085இல் முதலாம் விஜயபாகு சோழநாட்டின்மேற் செல்லுமாறு பணித்தபோது அவர்கள் மறுத்துக் கிளர்ந்தனர், படைத்தலைவரைக் கொன்றனர், அரண்மனையை எரித்தனர். அரசன் மீண்டு வந்து, தலைவர்களைக் கம்பத்திற் கட்டி எரித்தான். அவர்களது சீவித நிலங்களையும் பறித்தான். இனப்பற்றே கிளர்ச்சிக்குக் காரணம் என்போர், அரசன் நிலத்தில் ஏன் கைவைத்தான் என்பதையும் சொல்லட்டும். அவன் இறந்தபின், அதே வேளைக்காரர் புத்தரின் தந்ததாதுக் கோயிலைக் காப்பதாகத் தமிழிலே சூளுரைத்துக் கல்லில் வெட்டினர். கையொப்பமிட்ட கூட்டத்தில் வலங்கையும் இடங்கையும் இருந்தன. வடுகரும் மலையாளரும் இருந்தனர். ஒற்றை இனத்தை இதிலே எங்கு தேடுவது?

ஆசிரியத் தோழர்களே, வகுப்பில் இக்கல்லைப் படிப்பிக்கும்போது இன்றைய சொற்களையும் அருகில் வையுங்கள். 2009க்குப் பின் தெற்கிலே 'ரணவிரு' என்ற சொல் விளம்பரப் பலகை தோறும் ஏறிற்று. வடக்கிலே 'மாவீரர்' என்ற சொல்லின் கீழ் ஏழைவீட்டுப் பிள்ளைகள் புதைந்து கிடந்தனர். 2016இல், அந்த ரணவிருக்களில் உறுப்பிழந்தோர் ஓய்வூதியங் கேட்டுக் கொழும்புத் தெருவில் அமர்ந்திருந்தனர்.