வரிசை கலைந்தது, பாடம் கற்றோமா?

எரிபொருள் நிரப்பு நிலையங்களுக்கு முன்னால் நாட்கணக்கில் காத்துக்கிடந்த 2022ஆம் ஆண்டை இலங்கையர் எவரும் எளிதில் மறந்துவிட முடியாது. அந்நியச் செலாவணி வற்றிப்போன நிலையில், ஜூன் மாத இறுதியில் அத்தியாவசிய சேவைகளுக்கு மாத்திரமே எரிபொருள் என்று அரசாங்கம் அறிவித்தது. பின்னர் கியூ.ஆர். குறியீட்டின் மூலம் வாராந்த ஒதுக்கீடு வந்தது.

தெற்கிற்கு அது புதிய அனுபவம். வடக்கிற்கோ அது பழைய கதை. 1990களில் பொருளாதாரத் தடையின் கீழ் வாழ்ந்த யாழ்ப்பாண மக்கள், சில துளி பெற்றோலில் இயந்திரத்தை உயிர்ப்பித்து, மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டினார்கள். மற்றவர்களுக்குத் துவிச்சக்கர வண்டியே துணை.

எமது அயலவர்கள் ஒவ்வொருவரும் ஒவ்வொரு பாதையைத் தேர்ந்தெடுத்தனர். உச்ச நீதிமன்றத்தின் உத்தரவினால் டில்லியின் பேருந்துகள் 2002ஆம் ஆண்டின் இறுதிக்குள் டீசலைக் கைவிட்டு இயற்கை எரிவாயுவுக்கு மாறின. டாக்காவும் 2003இல் புகை கக்கிய பழைய முச்சக்கர வண்டிகளை அகற்றி எரிவாயு வண்டிகளை ஓடவிட்டது. ஆனால், சொந்த எரிவாயுவை நம்பியிருந்த பங்களாதேஷ் 2018 தொடக்கம் திரவ எரிவாயுவை இறக்குமதி செய்யவேண்டியதாயிற்று.

நேபாளத்தின் கதை வேறு. 2015இல் இந்திய எல்லையூடான விநியோகம் மாதக்கணக்கில் முடங்கியபோது அந்நாடு தவித்தது. இன்று அங்கு புதிதாக இறக்குமதியாகும் கார்களில் பெரும்பாலானவை மின்சாரத்தில் ஓடுபவை. அம்மின்சாரம் பெரும்பாலும் அந்நாட்டு ஆறுகளிலிருந்தே கிடைக்கிறது. வறட்சிக் காலத்தில் இந்தியாவிடம் மின்சாரம் வாங்க நேர்கிறது என்பதும், பாரவூர்திகளுக்கு இன்னமும் டீசலே கதி என்பதும் உண்மை. ஆயினும், பட்ட துன்பத்திலிருந்து ஒரு கொள்கை பிறந்திருக்கிறது.

இலங்கையில் என்ன நடந்தது? 2020இல் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதிக்கு 2025 பெப்ரவரியில் கதவு திறக்கப்பட்டது. மின்சாரக் கார்களும் வருகின்றன, நல்லதுதான். ஆனால், இரவில் அவற்றை மின்னேற்றும்போது நுரைச்சோலையில் எரிவது இறக்குமதி செய்யப்பட்ட நிலக்கரி. பெற்றோலுக்குச் செலவிட்ட டொலரை நிலக்கரிக்குச் செலவிடுவது மாற்றம் ஆகாது. சூரியனும் காற்றும் தரும் மின்சாரத்தைச் சேமித்து வைப்பதற்கும், கார் வாங்க வசதியற்ற பெரும்பான்மையினர் ஏறும் பேருந்தையும் ரயிலையும் சீர்படுத்துவதற்குமே முதலிடம் கொடுக்கப்பட வேண்டும்.

வரிசையில் நின்றவர்களில் பெரும்பாலானோர் கார் உரிமையாளர்கள் அல்லர். முச்சக்கர வண்டிச் சாரதிகளும் மீனவர்களும் விவசாயிகளும் அங்கு நின்றார்கள். கொள்கை வகுப்பவர்களுக்கு அவர்களின் முகங்கள் நினைவிருக்கின்றனவா?