சாம்பலை மறுபடி விறகாக்கலாமா?

கரியமில வாயுவைத் தின்று எரிபொருள் தரும் நுண்ணுயிர் வந்துவிட்டது, இனிப் புகையைப் பற்றிக் கவலை இல்லை என்று அடிக்கடி செய்தி வருகிறது. முதல் பாதி உண்மை. இரண்டாம் பாதி எனக்கு ஒப்பவில்லை.

டென்மார்க்கில் கோபன்ஹேகன் நகரை ஒட்டிய அவெடோரே என்ற இடத்தில், கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் ஒன்றில் 2016இல் இதற்கு ஒரு கலன் அமைத்தார்கள். கழிவிலிருந்து கிடைக்கும் கரியமில வாயுவையும், மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்து எடுத்த ஹைட்ரஜனையும் அதற்குள் விட்டார்கள். காற்றுப் படாத சூட்டில் வாழும் ஆர்க்கியா என்னும் நுண்ணுயிர்கள் இரண்டையும் சேர்த்து மீத்தேன் ஆக்கின. நம் சாண எரிவாயு அடுப்பில் எரிகிறதே, அதே வாயுதான்.

கெட்டிக்கார உயிர்தான். ஆனால் கரியமில வாயு என்பது எரிந்து முடிந்த சாம்பல் மாதிரி. அதில் சக்தி மிச்சம் இல்லை. சக்தி முழுக்க ஹைட்ரஜனிலிருந்து வருகிறது. ஹைட்ரஜனுக்கு மின்சாரம் வேண்டும். நுண்ணுயிர் சமையல்காரர் மட்டுமே, அரிசியும் பருப்பும் நாம்தான் தர வேண்டும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 100 யூனிட் மின்சாரம் செலவழித்தால் மீத்தேனில் சுமார் 55 யூனிட் சக்தி சேரும். அதற்கு நுண்ணுயிர் எடுத்துக்கொள்வது ஏறக்குறைய 10 கிலோ கரியமில வாயு. அந்த 100 யூனிட் நிலக்கரி மின்சாரம் என்றால், அதைத் தயாரிக்கும்போதே கிட்டத்தட்ட 100 கிலோ கரியமில வாயு புகைபோக்கி வழியே போயிருக்கும்! பிடித்த 10 கிலோவும் மீத்தேனை எரிக்கும்போது திரும்பக் காற்றுக்கே போகும்.

அப்படியானால் இது வீணா? இல்லை. ஆடி மாதக் காற்றில் முப்பந்தல், ஆரல்வாய்மொழிப் பக்கம் காற்றாலைகள் சுழன்று தள்ளும்போது, அவ்வளவு மின்சாரத்தையும் வாங்க முடியாமல் சிலவற்றை நிறுத்தி வைக்கச் சொல்வதுண்டு. அப்படி வீணாகும் மின்சாரத்தை வாயுவாக்கி, காற்றில்லாத மாதங்களுக்குச் சேர்த்து வைக்கலாம். பாதி நஷ்டமானாலும் மீதி லாபம்தானே.

நிலக்கரி உலைக்குப் பக்கத்தில் இந்தக் கலனை வைத்துவிட்டு, ‘பாவம் தீர்ந்தது’ என்று இன்னும் இருபது வருஷம் கரியை எரிப்பதைத்தான் நான் எதிர்க்கிறேன். அந்தப் புகையைச் சுவாசிக்கப்போவது நாமல்ல, நம் பேரப்பிள்ளைகள்.

அடுத்த முறை இப்படிச் செய்தி வந்தால், ‘மின்சாரம் எங்கிருந்து?’ என்று முதலில் கேளுங்கள்.