உளவாளியிடமா அத்தாட்சி கேட்பது?

இரண்டாம் உலகப்போரில் அமெரிக்காவுக்காக உளவு பார்த்த க்ளேர் பிலிப்ஸ், அதற்கான செலவுக்காக அரசிடம் கேட்டது 1,46,850 டாலர். 1957-இல் அமெரிக்க நீதிமன்றம் கிள்ளிக் கொடுத்தது 1,349. படிக்கும்போதே வயிறு எரிகிறது.

அந்தப் பெண் உளவு பார்க்கவா பிலிப்பைன்ஸின் மணிலாவுக்குக் கப்பலேறினார்? பாடிப் பிழைக்கப் போனவர். 1941 டிசம்பரில் ஜப்பானியக் குண்டுகள் விழுந்தன; அடுத்த மாதமே நகரம் அவர்கள் கைக்குப் போய்விட்டது. ஊர் திரும்ப வழியில்லை. கையில் வளர்ப்புக் குழந்தை. கணவர் என்று அவர் சொன்ன சிப்பாய் ஜான் பிலிப்ஸ், கபனத்துவான் போர்க்கைதி முகாமில் மாண்டுபோனார். அமெரிக்கப் பெண் என்று தெரிந்தால் சிறைமுகாம்தான். அதனால் இத்தாலிய வம்சத்தவள் என்று சொல்லி, பொய்ப் பெயரில் நடமாடினார். அப்போது அவரைத் தேடி எந்த அரசு வந்தது?

1942 அக்டோபரில் மணிலாவின் எர்மிதா பகுதியில் 'சுபாகி கிளப்'பைத் திறந்தார். ஜப்பானிய அதிகாரிகளுக்கு மது ஊற்றினார், பாடினார், சிரித்தார். எப்போது கப்பல் கிளம்புகிறது, அடுத்து எந்த ஊர் என்று, பிரிவு தாங்காதவள்போலக் கேட்டுக் கேட்டுச் செய்தி சேர்த்தார். அது பத்தான் மலைக்காட்டில் இருந்த கெரில்லாத் தலைவர் ஜான் பூனுக்குப் போய்ச் சேர்ந்தது. சீட்டையும் பணத்தையும் மார்க்கச்சைக்குள் செருகி வைப்பார். 'ஹை பாக்கெட்ஸ்' என்ற ரகசியப் பெயர் அதனால் வந்ததுதான். கிளப்பில் விழுந்த காசு, கபனத்துவான் கைதிகளுக்குச் சோறாகவும் கொய்னா மருந்தாகவும் போனது. அந்தச் சீட்டில் ஒன்று சிக்கியிருந்தால் தலை போயிருக்கும். அவரிடம் போய், செலவுக்கு ஆதாரம் எங்கே என்றால் என்ன நியாயம்? கொய்னாவைக் கடத்திப்போனவனிடம் ரசீது எழுதி வாங்கியா வைத்திருப்பார்?

1944 மே மாதம் ஜப்பானிய ராணுவப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. சாந்தியாகோ கோட்டையில் தண்ணீரைப் புகட்டி மூச்சுத் திணற வைத்ததை அவரே எழுதியிருக்கிறார். 1945 பிப்ரவரியில் அமெரிக்கப் படை வந்து மீட்டபோது எலும்பும் தோலுமாக இருந்தார்.

அவர் கதையில் மிகை உண்டு என்கிறார்கள். திருமணப் பதிவு கிடைக்கவில்லையாம், பழைய வாழ்க்கையை மறைத்தாராம். இருக்கட்டுமே! பொய் சொல்லத் தெரிந்தவர் என்பதால்தானே அத்தனை அதிகாரிகள் நடுவில் உயிரோடு இருந்தார்? எதிரியிடம் சொன்ன பொய் வேண்டும். அந்தப் பெண்ணின் சொந்த வாழ்க்கையில் மட்டும் பத்தரை மாற்றுத் தங்கம் வேண்டுமா? அமெரிக்க அரசு அவருக்குப் பதக்கம் கொடுத்தபோது இந்தச் சந்தேகம் எங்கே போயிருந்தது? 1951-இல் அவர் கதையைப் படமாக்கித் திரையரங்குகளில் ஓட்டியபோது யார் அத்தாட்சி கேட்டார்கள்? கைதட்ட வேண்டிய இடத்தில் வீராங்கனை, காசு கொடுக்க வேண்டிய இடத்தில் புளுகுணி!

தீர்ப்பு வந்து மூன்றே ஆண்டுகளில், 1960-இல், 52 வயதில் க்ளேர் இறந்துபோனார். கேட்டதை முழுசாகவே கொடுத்திருந்தால்தான் என்ன, உலகப்போரையே நடத்தி முடித்த அந்தக் கருவூலம் காலியாகியிருக்குமா?