சுகர் மாத்திரையால் இதயத்துக்கு ஆபத்து: நஷ்டஈடு கேட்க முடியுமா?

சர்க்கரையைக் குறைக்கத் தந்த மாத்திரையே இதயத்துக்கு ஆபத்து என்று, ரோசிகிளிட்டசோன் மருந்தை 2010-ல் இந்தியா தடை செய்தது. அதனால் மாரடைப்பு அபாயம் 43 சதவீதம் கூடுவதாக 2007-லேயே ஓர் அமெரிக்க ஆய்வு சொல்லியிருந்தது. (பின்னர் வந்த ஆய்வுகளை வைத்து 2013-ல் அமெரிக்கா கட்டுப்பாடுகளைத் தளர்த்தியது.) இந்த மருந்தின் பாதுகாப்பு விவரங்களை அரசிடம் தராதது உட்படப் பல குற்றச்சாட்டுகளுக்காக, கிளாக்ஸோ ஸ்மித்க்ளைன் நிறுவனம் 2012-ல் 300 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டது.

இப்போது ஏன் இந்தப் பேச்சு?

அதே குடும்பத்து மருந்தான பியோகிளிட்டசோன் இன்றும் விற்பனையில் இருக்கிறது. சிறுநீர்ப்பை புற்றுநோய் அச்சத்தால் 2013 ஜூனில் இதற்குத் தடை வந்தது. ஜூலை இறுதியில், எச்சரிக்கை வாசகத்தோடு தடை நீங்கியது. இது உடலில் நீரைத் தேக்கும் என்பதால், இதயச் செயலிழப்பு உள்ளவர்களுக்கு ஆகாது. மெட்ஃபார்மினோடு சேர்ந்து ஒரே மாத்திரையாகவும் வருவதால், சாப்பிடுபவருக்கே இது தெரிவதில்லை. கால் வீக்கம், மூச்சு வாங்குதல், திடீரென எடை கூடுதல் இருந்தால் உடனே டாக்டரைப் பார்க்க வேண்டும். பயந்துபோய் தாமாகவே மாத்திரையை நிறுத்துவதும் ஆபத்துதான்.

சட்டம் என்ன சொல்கிறது?

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி, குறைபாடுள்ள பொருளால் பாதிக்கப்பட்டவர் தயாரிப்பாளர், விற்பனையாளர் மீது இழப்பீடு கேட்கலாம். இதய நோய் இருப்பது தெரிந்தும் ஆகாத மருந்தை எழுதிய தனியார் டாக்டர் மீதும் புகார் தரலாம். 2 ஆண்டுகளுக்குள் வழக்குப் போட வேண்டும். திருமழபாடியில் வசிப்பவர் மருந்தை எங்கே வாங்கியிருந்தாலும் அரியலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே பதியலாம்.

ஆனால் இரண்டு ஓட்டைகள் இருக்கின்றன. டாக்டர் மேற்பார்வையில் மட்டுமே தர வேண்டிய மருந்து என்றால், டாக்டரிடம் முறையாக எச்சரித்துவிட்ட கம்பெனி, 'நோயாளியை எச்சரிக்கவில்லை' என்ற புகாரிலிருந்து தப்பிக்கலாம். இரண்டாவது, அரசு மருத்துவமனையில் எல்லோருக்கும் இலவசமாகத் தரும் சிகிச்சை நுகர்வோர் சட்டத்துக்குள் வராது. இது 1995 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. அப்படிப்பட்டவர்கள் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக் குழுவை (15100) அணுகி, வேறு வழி கேட்கலாம்.

பில் இல்லையா, கேஸ் இல்லை

பத்து மாத்திரை அட்டையில் நாலை மட்டும் கட் பண்ணி, பில் இல்லாமல் வாங்குவது நமக்குப் பழகிவிட்டது. பெயரும் பேட்ச் எண்ணும் அந்த அட்டையோடு போய்விடுகின்றன. எந்தக் கம்பெனி மருந்து என்றே காட்ட முடியாதபோது வழக்கு எப்படி நிற்கும்?

எச்சரிக்கை டாக்டரோடு நின்றுவிடாமல், நோயாளி கைக்குத் தமிழில் வர வேண்டும். அதை அரசு கட்டாயமாக்க வேண்டும். அதுவரை வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளைகள் ஒன்று செய்யலாம்: அப்பா, அம்மாவின் மருந்துச் சீட்டு, பில், மாத்திரை அட்டையின் பின்பக்கம் மூன்றையும் மாதாமாதம் வாட்ஸ்அப்பில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பக்கவிளைவு தெரிந்தால் 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் தெரிவியுங்கள். அந்தப் புகார்கள் சேர்ந்தால்தான் அடுத்த எச்சரிக்கை சீக்கிரம் வரும்.