வாக்கில்லாத மாணவருக்கும் பதில் சொல்லுங்கள்

மொன்றியல் நகரின் சேர் ஜோர்ஜ் வில்லியம்ஸ் பல்கலைக்கழகத்தில், கரீபியன் தீவுகளிலிருந்து வந்த ஆறு மாணவர்கள் 1968 ஏப்ரலில் ஒரு முறைப்பாடு கொடுத்தார்கள். உயிரியல் விரிவுரையாளர் ஒருவர் கறுப்பின மாணவர்களுக்கு வேண்டுமென்றே புள்ளியைக் குறைக்கிறார் என்பதே அது. விடைத்தாள்களை எடுத்துப் பார்த்து உண்டு, இல்லை என்று சொல்லச் சில வாரங்கள் போதும். நிர்வாகமோ மாதக்கணக்கில் இழுத்தடித்தது. கடைசியில் அமைத்த விசாரணைக் குழுவை மாணவர்கள் ஏற்கவில்லை. 1969 ஜனவரி 29 அன்று விசாரணையிலிருந்து எழுந்து போனவர்கள், ஹோல் கட்டடத்தின் ஒன்பதாம் மாடியிலிருந்த கணினி நிலையத்தில் போய் உட்கார்ந்துகொண்டார்கள்.

ஏறக்குறைய இரண்டு வாரம் எந்த அசம்பாவிதமும் இல்லை. பெப்ரவரி 10 அன்று, உடன்பாடு வந்துவிட்டது என்று நம்பிப் பலர் வீட்டுக்குப் போனார்கள். உடன்பாடு முறிந்தது. மறுநாள் கலகமடக்கும் பொலிஸ் உள்ளே புகுந்தது. கணினி அட்டைகள் சன்னல் வழியே கொட்டித் தெருவை மூடின; தீயும் பிடித்தது. கீழே கூடி நின்ற கூட்டத்தில் சிலர், உள்ளே இருக்கும் கறுப்பர்கள் எரியட்டும் என்று கத்தினார்கள். 97 பேர் கைதானார்கள். சேதம் 20 லட்சம் டொலர் என்றார்கள். அந்தக் கணக்கைப் போட மட்டும் யாருக்கும் மாதங்கள் தேவைப்படவில்லை. இடைநிறுத்தப்பட்டிருந்த விரிவுரையாளர் உடனடியாகப் பணிக்குத் திரும்பினார். அவ்வாண்டு நடுப்பகுதியில், குற்றச்சாட்டுக்கு ஆதாரமில்லை என்று நிர்வாகம் கோப்பை மூடியது.

கணினிகளை உடைத்ததை நாம் நியாயப்படுத்தவில்லை. ஆனால் அந்தப் பத்து மாதங்களை விட்டுவிட்டுக் கடைசி ஒரு நாளை மட்டும் விசாரித்ததுதான் அன்றைய அநீதி. அதன் சூடு மொன்றியலோடு நிற்கவுமில்லை. இங்கே வழக்கில் நின்ற மாணவர்களுக்கு ஆதரவாக 1970 பெப்ரவரியில் டிரினிடாட்டில் கிளம்பிய ஊர்வலம், அந்நாட்டில் அவசரகாலச் சட்டம் வரும்வரை போனது. சிறை சென்று, பின்பு நாடுகடத்தப்பட்ட ரூஸ்வெல்ட் டக்ளஸ் 2000இல் டொமினிக்காவின் பிரதமரானார். அதே ஆண்டு காலமுமானார். சேர் ஜோர்ஜ் வில்லியம்சும் லொயோலா கல்லூரியும் 1974இல் இணைந்து உருவான கொன்கோடியா பல்கலைக்கழகம் மன்னிப்புக் கேட்டது 2022 ஒக்டோபர் 28 அன்று. 53 ஆண்டுகள்! கேட்டதை வரவேற்கிறோம். அதைக் காதால் கேட்க டக்ளஸ் இல்லை.

புள்ளி விவகாரம் சின்ன விவகாரம் என்று தமிழருக்கு யாரும் சொல்ல முடியாது. 1971இல் இலங்கையில் மருத்துவ பீடத்துக்குப் போகச் சிங்கள மொழி மாணவருக்கு 229 புள்ளி போதும், தமிழ் மொழி மாணவருக்கு 250 வேண்டும் என்று ஆனபோது, ஒரு தலைமுறையே திசை மாறியது. ஏன் என்று கேட்டவர்களுக்கு அன்றும் நேரான பதில் வரவில்லை.

முறைப்பாடு கொடுத்த அந்த ஆறு கரீபியன் மாணவரின் வாக்கை நம்பி இந்த நகரில் யாரும் பதவிக்கு வந்ததில்லை. அதுதான் விடயம். தேர்தலில் கணக்கில் வராதவருக்குப் பதில் சொல்லாமலே காலம் தள்ளலாம் என்ற துணிவு இன்னும் போகவில்லை. 2022 ஜனவரியில் மொன்றியல், லோங்கேய், ஷெர்புரூக் ஆகிய இடங்களில் ஒரே நிறுவனம் நடத்திய மூன்று தனியார் கல்லூரிகள் கடன்காரரிடமிருந்து நீதிமன்றப் பாதுகாப்புத் தேடிக் கதவை மூடின. இந்தியாவிலிருந்து வந்த, வரக் காத்திருந்த 2,000க்கும் மேற்பட்ட மாணவர்கள் கட்டிய கட்டணத்தோடு நடுத்தெருவில் நின்றார்கள். ஊரில் காணி ஈடு வைத்து அனுப்பிய பெற்றோரின் நிலையைச் சொல்லத் தேவையில்லை. அந்தக் கல்லூரிகளுக்கு அனுமதி கொடுத்தது கியூபெக் மாகாண அரசு.

அடுத்து, வெளிமாகாண மாணவர் கட்டணம். 2023இல் மக்கில், கொன்கோடியா ஆங்கிலப் பல்கலைக்கழகங்களில் ஏறத்தாழ 9,000 டொலராக இருந்ததை 17,000 ஆக்கப் போவதாக அரசு அறிவித்தது. பிறகு 12,000இல் நின்றது. பிரெஞ்சு மொழியைக் காக்கவே இது என்றது. மொழியைக் காக்கும் கவலையைத் தமிழருக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். அந்தக் கவலை நியாயமானது. ஆனால் கட்டணத்தை ஏற்றினால் மொழி எப்படிப் பிழைக்கும் என்பதற்குத் தரவு எங்கே? 2025 ஏப்ரலில் கியூபெக் மேல் நீதிமன்றமும் இதைத்தான் கேட்டது. போதிய ஆதாரம் இல்லாத அந்த உயர்வு நியாயமற்றது என்று தீர்ப்பளித்தது. நீதிமன்றம் வரை போகப் பல்கலைக்கழகங்களிடம் பணம் இருந்தது. தனி மாணவரிடம் ஏது?

கியூபெக்கில் பள்ளி மாணவரின் முறைப்பாடுகளைக் கேட்க 2023 முதல் தேசிய மாணவர் காப்பாளர் இருக்கிறார். முறைப்பாட்டின் ஒவ்வொரு படிக்கும் கால எல்லை உண்டு. ஆனால் அவருடைய அதிகாரம் பள்ளி வாசலோடு முடிகிறது. பல்கலைக்கழகங்களில் குறைகேள் அதிகாரிகள் இருக்கிறார்கள். அவர்கள் பரிந்துரைக்கலாம், ஆணையிட முடியாது. சம்பளம் தருவதும் அதே நிர்வாகம்தான்.

மாணவர் காப்பாளரின் அதிகாரத்தைத் தனியார் கல்லூரிகள் உட்பட எல்லா உயர்கல்வி நிறுவனங்களுக்கும் அரசு நீட்ட வேண்டும். எத்தனை முறைப்பாடு வந்தது, எத்தனை நாளில் முடிந்தது என்பது ஆண்டுதோறும் நிறுவனத்தின் பெயரோடு வெளியாக வேண்டும். வெளிநாட்டு மாணவர் முன்கூட்டிக் கட்டும் பணம், கல்லூரியின் கையில் அல்லாமல் பொறுப்புக் கணக்கில் இருந்து, தவணைக்குத் தவணை விடுவிக்கப்பட வேண்டும். அந்த மாணவர்களுக்கு இங்கே வாக்கில்லை. பார்க் எக்ஸ்டென்ஷனிலும் கோட்-டெ-நேஜிலும் அவர்களுக்கு அறை வாடகைக்குக் கொடுத்திருக்கும் நமக்கு இருக்கிறது. அடுத்த மாகாணத் தேர்தலில் கதவைத் தட்டும் வேட்பாளரிடம் இந்த மூன்றையும் கேட்போம்.