இருக்கை தந்த சட்டம் நேரமும் தர வேண்டும்

பணிநேர மன அழுத்தத்தைக் குறைப்பதற்கென நிறுவனங்கள் நடத்தும் பயிலரங்குகளில் வழங்கப்படும் அறிவுரைகள் ஏறத்தாழ எங்கும் ஒன்றே: மூச்சை ஆழமாக இழுத்து விட வேண்டும், மணிக்கொரு முறை எழுந்து ஐந்து நிமிடம் நடந்துவிட்டு வர வேண்டும். மேசையும் கணினியும் உள்ள ஊழியருக்கு இவை பயன்படக்கூடும். ஆனால் சென்னை தியாகராய நகரில் ஒரு ஜவுளிக்கடையின் மூன்றாம் மாடியில் காலை முதல் நின்றுகொண்டிருக்கும் விற்பனைப் பெண்ணுக்கு அந்த ஐந்து நிமிடத்தைத் தருவதும் மறுப்பதும் தளக் கண்காணிப்பாளரின் விருப்பத்தில் இருப்பதால், அறிவுரை போய்ச் சேர வேண்டிய முகவரியே தவறு.

அவர் உட்காருவதற்கான உரிமையைத் தமிழ்நாட்டுச் சட்டப்பேரவை 2021 செப்டம்பரில் ஏற்றது. 1947ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டு, ஊழியர் அனைவருக்கும் இருக்கை வசதி கட்டாயமாக்கப்பட்டது. கோழிக்கோடு மிட்டாய்த் தெருக் கடைகளில் வேலை செய்த பெண்கள் ‘பெண்கூட்டு’ என்ற அமைப்பாகத் திரண்டு போராடியதன் பயனாகக் கேரளம் 2018இலேயே இத்தகைய திருத்தத்தைச் செய்திருந்தது. நின்றபடி வேலை செய்யும் ஆலைத் தொழிலாளருக்கு உட்கார வசதி வேண்டும் என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் சொல்லிவிட்ட நிலையில், கடைத் தொழிலாளர் மேலும் எழுபது ஆண்டுகளுக்கு மேல் காத்திருக்க நேர்ந்தது என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும்.

எனினும் அந்தப் பிரிவின் வாசகத்தில் ஒரு பள்ளம் இருக்கிறது. வேலைக்கு நடுவே உட்காரும் வாய்ப்பு கிடைக்கும்போது ஊழியர் அதைப் பயன்படுத்திக்கொள்ளும் வகையில் இருக்கை அமைய வேண்டும் என்றே அது கூறுகிறதே தவிர, அந்த வாய்ப்பை யார், எப்போது, எவ்வளவு நேரம் தர வேண்டும் என்று கூறவில்லை. முப்பது புடவைகளை விரித்துக் காட்டிய பிறகு, வாடிக்கையாளர் ஒன்றும் எடுக்காமல் அடுத்த பிரிவுக்கு நகர்ந்துவிட, விரித்த அத்தனையையும் பழைய மடிப்பு மாறாமல் மடித்து அடுக்கும் அந்தக் கால் மணி நேரம், கடையின் கணக்கில் வேலையே ஆகாத ‘சும்மா’ நேரம். மடித்து முடித்தவர் முக்காலியில் அமர்ந்தால், கண்காணிப்புக் கேமராவில் அது சோம்பலாகத் தெரிகிறது. ஆகவே முக்காலி இருக்கும், அதன்மேல் புடவைக் கட்டு இருக்கும்.

இதை வெறும் கால்வலியாகக் கருதுவது பிழை. வேலையின் சுமை மிகுந்தும், அதைத் தன் விருப்பப்படி அமைத்துக்கொள்ளும் அதிகாரம் குறைந்தும் இருக்கும் இடத்தில்தான் மன அழுத்தம் உச்சம் பெறுகிறது என்று அமெரிக்க ஆய்வாளர் ராபர்ட் கராசெக் 1979இல் விளக்கினார். இது ‘சுமை–கட்டுப்பாடு மாதிரி’ எனப்படுகிறது. லண்டன் அரசு அலுவலர்களைப் பல்லாண்டு பின்தொடர்ந்த ‘ஒயிட்ஹால்’ ஆய்வுகளும் இதற்கு இசைவாகவே பேசின: பெரும் பொறுப்பைச் சுமக்கும் உயரதிகாரிகளைவிட, தம் வேலையின் வேகத்தில் தமக்கு எந்தச் சொல்லும் இல்லாத கடைநிலை ஊழியரிடமே இதய நோய் மிகுதியாகக் காணப்பட்டது. கழிப்பறைக்குப் போகவும் அனுமதி கேட்க வேண்டியிருப்பதால் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டு, சிறுநீர்த் தொற்றுக்கு ஆளாகும் பெண்ணிடம் கட்டுப்பாடு எத்தனை சிறிதாகச் சுருங்கியிருக்கிறது என்பதற்கு வேறு அளவுகோல் தேவையில்லை.

ஊழியர் அமர்ந்திருந்தால் வாடிக்கையாளர் அதை அவமதிப்பாகக் கொள்வார் என்பது கடை உரிமையாளர் தரப்பின் வாதம். இதில் ஓரளவு உண்மை உண்டு, அந்தக் குற்றத்தில் வாடிக்கையாளருக்கும் பங்கு உண்டு. ஆனால் வங்கியிலும் நகைக்கடையின் கல்லாவிலும் அமர்ந்தபடி பணம் வாங்குபவரிடம் எவரும் மரியாதைக் குறைவைக் காண்பதில்லை. நிற்பதுதான் பணிவு என்ற எண்ணம் சம்பளம் குறைந்தவருக்கு மட்டுமே பொருத்தப்படுகிறது. விழாக்காலக் கூட்டத்தில் ஆளை விடுவிக்க முடியாது என்ற இன்னொரு வாதம், ஆள் போதவில்லை என்ற ஒப்புதலன்றி வேறில்லை.

நான்கு மணி நேர வேலைக்குப் பின் ஒரு மணி நேர இடைவேளை என்பது 1947ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே உள்ளது. அது சாப்பாட்டுக்கும் படிக்கட்டு ஏறி இறங்குவதற்கும் சரியாகிவிடுகிறது. அதற்கு மேலாக முற்பகலிலும் மாலையிலும் ஊதியத்துடன்கூடிய பதினைந்து நிமிட ஓய்வை அரசு விதியாக்க வேண்டும். யாருக்கு எந்த நேரம் என்ற முறைப்பட்டியல் ஒவ்வொரு தளத்திலும் ஊழியர் கண்ணில் படும்படி ஒட்டப்பட வேண்டும். கழிப்பறைக்குச் செல்ல அனுமதி கோரும் வழக்கம் வெளிப்படையாகத் தடை செய்யப்பட வேண்டும். தொழிலாளர் துறை ஆய்வாளர் காலை பதினொரு மணிக்கு, கடை காற்று வாங்கும் நேரத்தில் வந்து முக்காலிகளை எண்ணிக் குறித்துச் செல்வதில் பயனில்லை. அவர் வர வேண்டியது தீபாவளிக்கு முந்தைய ஞாயிறு மாலை ஏழு மணிக்கு. எண்ண வேண்டியது அவற்றில் அமர்ந்திருப்போரை.