கைமாறும் தெர்மாமீட்டர்

நான் வங்கிக் குமாஸ்தா. சேரியில் பிறந்து கவுண்டருக்கு உள்ளே உட்கார்ந்துவிட்டவன். போன மாதம் ஓர் அம்மா வந்தார். கையில் பாஸ்புக் இல்லை, ஆதார் அட்டை.

"தம்பி, ஆஸ்பத்திரியில போன்ல பதிஞ்சிட்டு வந்தா சீட்டு சீக்கிரம் குடுக்குறாங்க. நம்மகிட்ட அந்தப் போன் ஏது? நீ கொஞ்சம் போட்டுக் குடுப்பா."

ஆதாரோடு சேர்ந்த நம்பர் மகனிடம். மகன் திருப்பூரில், பனியன் கம்பெனியில். வேலை நேரத்தில் போனை எடுக்க முடியாது. எந்தப் பிரிவுக்குச் சீட்டு என்று கேட்டேன். பின்னால் நின்றவர்களைத் திரும்பிப் பார்த்தார். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, பெற்ற மகனிடமும் சொல்லாத நோயை என்னிடம் சொன்னார். ஓடிபி கைக்கு வரவில்லை. நீள வரிசைக்கே திரும்பிப் போனார். அவர் நோய் மட்டும் என் கவுண்டரில் தங்கிவிட்டது.

1929 டிசம்பரில் 'யங் இந்தியா'வில் வந்த ஒரு கடிதத்தை அம்பேத்கர் எடுத்து எழுதியிருக்கிறார். கத்தியவாரில் ஒரு தீண்டப்படாத ஆசிரியர். பிள்ளை பெற்ற மனைவிக்கு நோய். வைத்தியர் சேரிக்குள் நுழைய மறுத்தார். தெர்மாமீட்டரை ஒரு முஸ்லிமிடம் கொடுத்தார். அவர் கணவரிடம், கணவர் மனைவியிடம். வந்த வழியே அது திரும்பியது. அந்தப் பெண் செத்துப்போனார்.

இன்றைக்குக் கைமாறுவது செல்போன். இடையில் நிற்கும் கை என்னுடையது. அன்று தீட்டு என்றார்கள், இன்று வசதி என்கிறார்கள். நோயாளிக்கும் வைத்தியருக்கும் நடுவில் மூன்றாம் ஆள் இல்லாமல் ஆகவில்லை.

"இப்பத்தான் எல்லார் கையிலயும் போன் இருக்கே சார்" என்கிறான் பக்கத்து சீட்டு நண்பன். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வைப் பார். இணையத்தை ஒருமுறையாவது தொட்ட ஆண்கள் நூற்றுக்கு 57, பெண்கள் 33. பிறகு கூடியிருக்கும். இன்னும் மிச்சமிருப்பவர் எந்தத் தெருக்காரர்? அதைச் சொல்லு.

2021 மே 1இல் 18 முதல் 44 வயதுக்காரருக்குத் தடுப்பூசி என்றார்கள். கோவின் தளத்தில் பதிந்தால்தான் ஊசி என்றார்கள். எழுதப்படிக்கத் தெரியாதவர் எப்படிப் பதிவார் என்று உச்சநீதிமன்றமே கேட்டது. ஜூன் 21க்குள் நேரில் வந்தாலும் ஊசி உண்டு என்று ஆனது. ஆக, கதவைத் திறக்க முடியும். கேட்டால்தான் திறக்கிறார்கள்.

இணையம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இ-சஞ்சீவனியில் மலைக் கிராமத்துக்கு ஒரு நிபுணர் கிடைத்தால் நல்லதே. போன் இல்லாதவருக்கும் அதே சீட்டு, அதே நேரத்தில் வேண்டும் என்கிறேன். சுகாதார அடையாள எண் கட்டாயமில்லை என்பது அவர்களே வைத்த விதி. அதை ஆஸ்பத்திரி வாசலில் கொட்டை எழுத்தில் எழுதச் சொல்லுங்கள். பதிந்து கொடுக்க ஓர் ஊழியரையும், நோயைச் சொல்ல ஒரு மறைவிடத்தையும் கேளுங்கள்.

மாணவத் தோழர்களே, டீக்கடையில் இரட்டைக் குவளையை உடைக்கப் போனவர்கள் நாம். திங்கட்கிழமை காலை ஓபி வாசலுக்குப் போய்ப் பாருங்கள். இரண்டு வரிசை நிற்கிறது. நீள வரிசையில் யார் நிற்கிறார்கள் என்று எண்ணிவிட்டு வாங்க. பிறகு பேசுவோம்.